நயினார் முதுகு

வாங்க அண்ணாச்சி. நாகர்கோவில்லருந்து போன்ல பேசுனது நீங்கதானே? உள்ள வாங்க. செருப்பை அந்தச் சாக்கு மேலயே விட்டுருங்க. சைக்கிள் இங்க நடையிலதான் நிக்கு. நல்லாத் தொட்டுப் பாருங்க, கையில தூசி ஒட்டாது. வாரம் ஒருக்கா ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சுத் தொடச்சு வச்சிருவேன். மெடிக்கல் ஷாப் வச்சிருக்கவன், நமக்கு அதெல்லாம் கையோடயே இருக்கும்.

ஓட்டிப் பாக்கலாம், தாராளமாப் பாக்கலாம். மொதல்ல உக்காருங்க. கோமதி, அண்ணாச்சிக்கு ஒரு காபி போடு. பேப்பர் கப்புல குடு. தப்பா எடுத்துக்கிடாதீங்க, யாரு வந்தாலும் எங்க வீட்டுல பேப்பர் கப்புதான். இந்த எச்சில், வேர்வை, சளி, இதெல்லாம் சின்ன வயசுலருந்தே எனக்கு ஆகாது. அதான் கல்யாண வீட்டுப் பந்தியிலகூட ஓரத்து எலையா பாத்து உக்காருவேன்.

புது வண்டியை எதுக்கு விக்கீங்கன்னு போன்ல கேட்டீங்கள்லா. எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. போன வாரம் ஒருத்தர் வந்தாரு. மூட்டு வலின்னு சொல்லி அனுப்பிட்டேன். எனக்கு மூட்டுல ஒண்ணும் கெடையாது. மூட்டு போனது நயினாருக்கு. எனக்குப் போனது மனசு. அருவருப்பு அண்ணாச்சி. இந்த வண்டியைப் பாத்தாலே எனக்கு அந்த முதுகு ஞாபகம் வருது.

நயினாரைத் தெரியாதா உங்களுக்கு? சைக்கிள் ஓட்டுறவங்களுக்கெல்லாம் தெரியும்னு நெனச்சேன். சங்கரநயினார். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாத்தான், இப்பத்தான் ரிட்டயர் ஆனான். நானும் அவனும் ஒண்ணாப் படிச்சவங்க. ஒரே பெஞ்சு. அப்பவே என் பென்சிலை வாங்கிக் கடிச்சுக் குடுப்பான். அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

எனக்கு சுகர் வந்த பொறவு, டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடந்தேன். ரோட்டுல மாட்டுச் சாணி, நாய் அசிங்கம் பண்ணுனது, ஆளு துப்புனது, குனிஞ்ச தலை நிமிராமத்தான் நடக்கணும். நயினார் கடைக்கு வந்தான். ‘ஏலே செண்பகம், நடை வேண்டாம்லே, சைக்கிள் வாங்கு. எங்க குழுவுல சேந்துரு. காலையில போனா காத்தும் வெளிச்சமுமா இருக்கும், ஒரு அழுக்கு உன் மேல படாது’ன்னான். நம்புனேன். இந்த வண்டியை வாங்குனேன். அவன்தான் மதுரைக்குக் கூட வந்து வாங்கிக் குடுத்தான். சீட்டு உயரம், கைப்பிடி எல்லாம் அவனே முடுக்கி வச்சான். முடுக்குன கையால மூக்கைச் சொறிஞ்சான், பொறவு அதே கையால திருப்பியும் கைப்பிடியைப் பிடிச்சான். அன்னைக்கே வீட்டுக்கு வந்து டெட்டால் போட்டுத் தொடச்சேன்.

சரி, வாராவாரம் காலையில ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வந்து இட்லி திங்கதோட நின்னிருந்தா ஒண்ணுமில்ல. இவனுக வருசா வருசம் ஆடி மாசம் ஒரு பெரிய ஓட்டம் வைக்கானுவ. பாளையங்கோட்டையில விடியுறதுக்கு முன்னாடி கெளம்பி, திருச்செந்தூர், உவரி, கூடங்குளம், ராதாபுரம், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, கடைசியில உங்க நாகர்கோவில்ல ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மண்டபத்துக்கு வந்துட்டா மெடல். வரலைன்னா சாப்பாடு மட்டும்தான். ஆடி மாசக் காத்துல ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா சைக்கிள்ல போகணும்னு எந்தப் புத்திசாலி யோசிச்சானோ தெரியல. ஆளு நடந்தாலே வேட்டி நிக்காத எடம் அது.

நயினாருக்கு இந்த ஓட்டத்து மேல ஒரு கிறுக்கு. வேற எல்லா ஓட்டமும் முடிச்சிருக்கான், வீட்டுல மெடல் மாலை மாலையாத் தொங்குது. இது ஒண்ணு மட்டும் கைக்கு வரல. ஒரு வருசம் டயர் கிழிஞ்சு போச்சு. அடுத்த வருசம் ஓட்டிட்டு வந்த எவனோ ஒருத்தன் கீழ விழுந்து மண்டையை ஒடச்சுக்கிட்டான், இவன் சைக்கிளை ஓரமாச் சாத்தி வச்சுட்டு அவன் கூட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். ஊரான் விழுந்தா இவனுக்கு என்ன? அந்த ரத்தத்தைக் கையில தொட்டுத் தூக்கியிருக்கான் பாருங்க.

இந்த வருசம் கடைக்கு வந்து மூட்டு மாத்திரை வாங்கும்போது சொன்னான். ‘ஏலே, இதான் கடைசி. ஆடிக்குப் பொறவு சைக்கிளைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூட்டு தேஞ்சு போச்சாம். ஆபரேஷனுக்கு நாள் பாக்கச் சொல்லிட்டாரு. இந்தத் தடவை முடிச்சுட்டேன்னா நிம்மதியாப் போயிப் படுத்துக்கிடுவேன். நீயும் வாலே. ரெண்டு பேருமா முடிப்போம்’னான். சொல்லிட்டு ஒரு மாதிரியாச் சிரிச்சான். சின்னப் பையன் பொம்மை கேக்க மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்தது. சரின்னுட்டேன். அந்தப் பாவம் பாத்ததுக்குத்தான் இவ்வளவும்.

காபி வந்துட்டு, குடிங்க. சூடா இருக்கும், கப்பை மேலாப் பிடிங்க.

அன்னைக்குக் காலையில எல்லாரும் கூடுன எடத்துல ஒரு காட்சி பாத்தேன் பாருங்க. ஒரு டப்பா. வெள்ளைக் களிம்பு. தொடையில ஒராயாம இருக்கதுக்காம். ஒவ்வொருத்தனும் அதுக்குள்ள ரெண்டு விரலை விடுதான், வழிச்சு எடுக்கான், அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு டிரவுசருக்குள்ள கையை விட்டுத் தடவுதான். அடுத்தவன்கிட்ட டப்பாவை நீட்டுதான். அவன் விரலை விடுதான். பெரிய பெரிய உத்தியோகம் பாக்கவங்க அண்ணாச்சி. டாக்டர்கூட ஒருத்தர் அதுல உண்டு. நயினார் ரெண்டாந்தடவையும் விரலை விட்டான். எனக்கு நீட்டுனான். நான் கடையிலருந்தே தனியா ஒரு ட்யூப் கொண்டு போயிருந்தேன், தப்பிச்சேன். இதுல அந்த டிரவுசருக்கு உள்ள ஜட்டி போடக் கூடாதாம். நான் போட்டேன். யார் என்ன சொன்னாலும் போட்டேன்.

திருச்செந்தூர் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. வண்டி தானா உருண்டுச்சு. அதுவரைக்கும் நான்தான் முன்னாடி. நயினார் பின்னாடி வந்தான், ‘அடக்கி ஓட்டுலே, அடக்கி ஓட்டு, பொறவுதான் இருக்கு’ன்னு கத்திக்கிட்டே வந்தான். பொறாமை. எனக்கு அப்பவே விளங்கிட்டு. புதுசா வந்தவன் முன்னாடி போறான்லா.

திருச்செந்தூர்ல இட்லி தின்னுட்டு உவரி ரோட்டுல திரும்புனோம் பாருங்க, சடார்னு ஏறி என் முன்னாடி வந்துட்டான். வந்துட்டு, ‘என் பின் சக்கரத்துலருந்து ஒரு முழத்துல வா, விலகாத, எக்காரணம் கொண்டும் விலகாத’ன்னு உத்தரவு. உத்தரவு போடுறதுக்கு இவன் யாரு? அதோட சரி. அன்னைக்குப் பூரா நான் பாத்தது ரோடு கெடையாது, கடல் கெடையாது, நயினார் முதுகு. முதுகும், அதுக்குக் கீழ உள்ளதும்.

அந்த முதுகை நான் சொல்லியாகணும். நீலச் சட்டை, ஒடம்போட ஒட்டுனது. மொதல்ல நடுவுல ஒரு தட்டு அளவுக்கு ஈரம். பொறவு அது பரவுது. பொறவு ஓரமெல்லாம் காஞ்சு வெள்ளை வெள்ளையா உப்பு. அதுக்கு மேல திருப்பியும் ஈரம். வலி தைலம் பூசியிருக்கான், அந்த வாடையும் வேர்வை வாடையும் சேந்து நேரா என் மூக்குக்கு. நடு நடுவுல ஒரு மூக்கை விரலால அடைச்சுக்கிட்டு மறு மூக்கால சீறுதான். சீறுனது எங்க போகும்? பின்னாடி யாரு வாரா? நான் வாரேன். கண்ணாடியைத் தொடச்சு தொடச்சு என் கர்ச்சீப்பு நனைஞ்சு போச்சு.

சும்மாவும் வர மாட்டான். நிமிசத்துக்கு ஒருக்கா தலையைத் திருப்பி, ‘இருக்கியாலே?’ன்னு கேப்பான். கேக்கும்போது எச்சில் தெறிக்கும். ‘இருக்கேன்’னு சொல்ல வாயைத் தொறக்க எனக்குப் பயம். குழி வந்தா இடது கையைக் கீழ காட்டுவான். கல்லு வந்தா காட்டுவான். எனக்குக் கண்ணு இல்லையா?

என்ன கேக்கீங்க? காத்தா? காத்து அடிச்சுதுதான். எதிர்காத்து. பனைமரமெல்லாம் தலையை விரிச்சுப் போட்டு ஆடுச்சு. ஆனா ஒரு அதிசயம் சொல்லுதேன் கேளுங்க. அந்த முதுகைப் பாக்கச் சகிக்காம நான் ரெண்டு மூணு தடவை வெலகி முன்னாடி ஏறப் பாத்தேன். நான் எப்ப முன்னாடி ஏறுதேனோ, அப்பப் பாத்துக் காத்து கூடும். கையால நெஞ்சுல பிடிச்சுத் தள்ளுன மாதிரி நிறுத்தும். பின்னாடி வந்துட்டா அடங்கிரும். என் ராசி அப்படி. எனக்கு ஜாதகத்துலயே முன்னேற்றத்துக்குத் தடைன்னு போட்டிருக்கு.

சிரிக்கீங்க. இருங்க, நீங்க பொறவு சொல்லுங்க, நான் முடிச்சுக்கிடுதேன்.

உவரியில நின்னோம். ஒருத்தர் பதநீர் வித்துக்கிட்டிருந்தாரு. நயினார் ஓலைப் பட்டையில வாங்கி மடக் மடக்குன்னு குடிச்சான், பாதி குடிச்சுட்டு, ‘இந்தா, ஒடம்புக்குக் குளிர்ச்சி’ன்னு எங்கிட்ட நீட்டுதான். மீசையெல்லாம் நுரை. நான் திரும்பிக்கிட்டேன். அங்கதான் அந்தப் பையனுக வந்தானுவ. நம்ம குழுதான், எல்லாம் ஐ.டி. கம்பெனி, காலேஜ் வாத்தியார், இந்த மாதிரி. அவனுக ஓட்டுற விதமே ஒரு அசிங்கம். ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டு, ரயில் பெட்டி மாதிரி. முன்னாடி போறவன் நாக்குத் தள்ள மிதிக்கான், பின்னாடி வாரவனெல்லாம் கதை பேசிட்டு வாரானுவ. கொஞ்ச நேரத்துல முன்னாடி போனவன் ஒதுங்கிக்கிடுதான், அடுத்தவன் முன்னாடி வந்து நாக்குத் தள்ளுதான். தலைவர் பதவிக்கு அடிச்சுக்கிட்ட மாதிரிதான். ஒருத்தனை நெலையா இருக்க விடல.

அதுல ஒருத்தன் நயினார்கிட்ட, ‘அண்ணாச்சி, எங்க கூடச் சேந்துக்கோங்க. மாத்தி மாத்திப் போனா உங்களை அஞ்சு மணிக்கே மண்டபத்துல எறக்கிருவோம். இந்த வருசம் விட்ராதீங்க’ன்னான். நயினார் என்னையப் பாத்தான். பொறவு அவங்கிட்ட, ‘செண்பகத்தால உங்க வேகத்துக்கு வர முடியாது. நீங்க போங்கப்பா. நான் இவனைக் கூட்டிட்டு வாரேன்’னான்.

எவ்வளவு அவமானம் பாருங்க. பத்து பேர் முன்னாடி. இவனைக் கூட்டிட்டு வாரேன். நான் என்ன ஆட்டுக்குட்டியா? எனக்கு அவன் கணக்கு விளங்காம இல்ல. அந்தப் பையனுக கூடப் போனா இவன் கடைசி. என் கூட வந்தா இவன்தான் முன்னாடி. அதுக்காகத்தான் என்னைய மதுரைக் கடை வரைக்கும் கூட்டிட்டுப் போயி சைக்கிள் வாங்கிக் குடுத்திருக்கான். கோமதிகிட்ட இதைச் சொன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

கூடங்குளம் தாண்டி ராதாபுரம் பக்கம் போகப் போக அவன் மிதிக்கது மாறிட்டு. ஒரு கால்தான் மிதிக்கு, இன்னொரு கால் சும்மா கூடச் சுத்துது. பின்னாடி வார எனக்கு அது நல்லாத் தெரியும், வேற என்னத்தைப் பாக்கேன்? முக்குதான், மொனகுதான். ஒருக்கா ‘அம்மா’ன்னான். நான் கேட்டேன், ‘என்னலே’ன்னு. ‘ஒண்ணுமில்ல, நீ இருக்கியா?’ன்னான். ‘இருக்கேன்’னேன். ‘அப்பச் சரி’ன்னான்.

காவல்கிணத்துல நின்னு மாத்திரை கேட்டான். முட்டி உருண்டு போயிக் கெடந்துச்சு. தேங்கா அளவுக்கு. நான் தொடல, ஆனா மாத்திரை குடுத்தேன். என் தண்ணி பாட்டிலை எடுக்கப் போனான். ‘வாய் வைக்காமக் குடி’ன்னேன். அண்ணாந்து குடிச்சான், பாதி சட்டையில ஊத்திக்கிட்டான். நான் எடுத்துச் சொன்னேன் அண்ணாச்சி, அதையும் சொல்லிருதேன். ‘நீ முன்னாடி போயி மூச்சு வாங்குத, நான் சும்மா வாரேன், வேணும்னா கொஞ்ச நேரம் நான் முன்னாடி போறேன்’னேன். அவன், ‘கணவாய்ல நீ தாங்க மாட்டலே. உனக்கு சுகர் வேற. பேசாம பின்னாடி வா’ன்னான். சுகரைச் சொல்லிக் காட்டுதான் பாருங்க.

முப்பந்தல்ல கரண்டு எடுக்க காத்தாடியெல்லாம் பேய் மாதிரி சுத்துச்சு. ஒரு பஸ்சு போச்சு, பஸ்சே சாஞ்சு போச்சு. நயினார் குனிஞ்சு கைப்பிடி மேல படுத்துக்கிட்டான். எனக்கு முன்னாடி தெரிஞ்சது அந்த உப்புப் பூத்த முதுகு மட்டும்தான். அது ஆடுது. அசையுது. அசஞ்சு அசஞ்சு போகுது. நடந்து போனாக்கூட எங்களைத் தாண்டியிருப்பாங்க. அவ்வளவு மெல்லமாப் போனா என்னைக்கு ஆறு மணிக்குள்ள போக? எனக்கோ காலு நல்லா இருக்கு, மூச்சு நல்லா இருக்கு. சத்தியமாச் சொல்லுதேன், எனக்கு ஒரு களைப்பும் இல்ல. இந்த வயசுக்கு என் ஒடம்பு எவ்வளவு கெட்டின்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஆரல்வாய்மொழி தாண்டி தோவாளை பக்கம் வந்தோம். உங்க ஊர்ப்பக்கம்தானே, உங்களுக்குத் தெரியும். அங்கன காத்து கொறஞ்சுது. தென்னந்தோப்பு, வயலு. மணி பாத்தேன். வெரசாப் போனா புடிச்சிரலாம். நயினார் மொகத்தைப் பாத்தேன், வெளுத்துப் போயிருந்துச்சு, வாய் ஓரத்துல நுரை. இனிமே இந்த முதுகைப் பாக்க முடியாதுன்னு வெலகினேன். முன்னாடி ஏறினேன். இந்தத் தடவை காத்து என்னையத் தடுக்கல. பறந்தேன் அண்ணாச்சி. பின்னாடிருந்து அவன் கத்துதான், ‘போலே, போ, போ, நிக்காத’ன்னு. போ போன்னு வெரட்டுதான். மனுசனுக்குப் பொறாமை இருக்கலாம், இவ்வளவு இருக்கக் கூடாது.

மண்டபத்துக்குள்ள நுழையும்போது எல்லாரும் கை தட்டுனாங்க. மணி ஆறாகலை. மெடலைக் கழுத்துல போட்டாங்க. போட்டோ எடுத்தாங்க. உவரியில அவனைக் கூப்பிட்ட அந்தப் பையன் ஓடி வந்து, ‘நயினார் அண்ணாச்சி எங்க?’ன்னான். மொத வார்த்தையே அது. வாழ்த்துக்கள்னு ஒரு வார்த்தை இல்ல. ‘பின்னாடி வாரான்’னேன். அவன் மொகம் செத்துப் போச்சு. ‘அவரை விட்டுட்டா வந்தீங்க?’ன்னான். விட்டுட்டு வாரதுக்கு அவன் என்ன குடையா? போட்டின்னா போட்டிதான்.

அவன் வரும்போது லைட்டு போட்டாச்சு, வாசல்ல கெட்டியிருந்த பேனரை அவிழ்த்துக்கிட்டிருந்தாங்க. ஓட்டிட்டு வரல, உருட்டிட்டு வந்தான். நொண்டி நொண்டி. வந்தவன் வாசப்படி ஓரத்துல குனிஞ்சு வாந்தி எடுத்தான். காலையில தின்ன இட்லியிலருந்து எல்லாம். நான் இலை முன்னாடி உக்காந்திருக்கேன் அண்ணாச்சி, கேசரி வச்சிருக்காங்க. வாயைக்கூடக் கழுவல. புறங்கையால தொடச்சுட்டு நேரா எங்கிட்ட வந்து, ‘முடிச்சியாலே? நேரத்துக்குள்ளயா?’ன்னான். மெடலைக் காட்டுனேன். அப்படியே கட்டிப் பிடிச்சுட்டான். அந்த வாயோட, அந்தக் கையோட, அந்த வேர்வையோட. ஒப்பாரி மாதிரி ஒரு சத்தம், அழுதானா சிரிச்சானா தெரியல. ‘முடிச்சுட்டான்வே, நம்ம செண்பகம் முடிச்சுட்டான்’னு எல்லார்கிட்டயும் காட்டுதான். தள்ளி விட்டுட்டேன். கேசரியைத் தொடல. வீட்டுக்கு வந்து மூணு தடவை குளிச்சேன், மெடலை டெட்டால்ல ஊறப் போட்டேன். அந்த நாடா சாயம் போயிட்டு.

மறுநாள் குழுவுல, அதான் வாட்சப் குழுவுல, என் போட்டோவைப் போட்டிருக்கான். ‘எங்க செண்பகம்’னு. கீழ வந்து ஒவ்வொருத்தனும் எழுதுதான் பாருங்க. ‘நயினார் அண்ணாச்சிக்கு சல்யூட்.’ ‘உங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி.’ ‘மொத்தக் காத்தையும் உங்க நெஞ்சுல தாங்குனீங்களே.’ முடிச்சது நான், சல்யூட் அவனுக்கு. காத்து என்ன அவன் ஒருத்தனுக்கு மட்டுமா அடிச்சுது? எனக்கு அடிக்கலையா? சரி, எனக்கு அவ்வளவா அடிக்கல. அதுக்கு நான் என்ன செய்ய? குழுவுலருந்து வெளிய வந்துட்டேன். அவன்கிட்டப் பேச்சையும் நிறுத்திட்டேன்.

கடைக்கு வருவான், மாத்திரைக்கு. நான் உள்ள போயிருவேன், வேலைக்கு நிக்க பிள்ளை எடுத்துக் குடுக்கும். ‘செண்பகம் நல்லா இருக்கானாம்மா?’ன்னு கேப்பான். அலமாரிக்குப் பின்னாடிருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். கோமதி வேற. ‘அந்த மெடலைக் கொண்டு போயி அவங்க வீட்டுல குடுத்துட்டு வாங்க’ங்கா. எதுக்குக் குடுக்கணும்? நான் மிதிச்சு வாங்குன மெடல். அவ அதைத் தொடைக்கவே மாட்டேங்கா. வீடு பூராத் தொடைப்பா, அதை மட்டும் விட்டுருவா.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். வியாபாரத்துல நான் பொய் சொல்லுறவன் கெடையாது. காலாவதியான ஒரு மாத்திரை எங்கடையில வாங்கியிருக்க மாட்டீங்க. இந்த வண்டியில ஒரு கோளாறு இருக்கு. வாங்குறவருக்குச் சொல்லாம விக்கது பாவம்.

போன மாசம், அவனுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் காலையில நான் பாட்டுக்கு இந்த வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். தனியா. அதே கணவாய்க்கு, நேரா நாங்குநேரி வழியா. யாரு தயவும் இல்லாம, எவன் முதுகையும் பாக்காம ஒருக்கா போயிட்டு வந்துருவோம்னு. காவல்கிணறு வரைக்கும் எப்படியோ தள்ளிக்கிட்டுப் போயிட்டேன். அங்க கணவாய்ப் பக்கமாத் திரும்புனேன் பாருங்க, வண்டி நின்னுட்டு. மிதிக்கேன், நகர மாட்டேங்கு. கியரை மாத்துதேன், நகர மாட்டேங்கு. எறங்கி சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாத்தேன், நல்லாச் சுத்துது. ஏறி மிதிச்சா நகரல. எதிர்ல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. வெறும் ரோடு. எவ்வளவு தூரத்துக்குப் பாத்தாலும் வெறும் ரோடு. எனக்கு அழுகை வந்துட்டு, எதுக்குன்னு தெரியல. பயம்னு நெனைக்கேன். மைல்கல்லு ஒண்ணு மேல உக்காந்துட்டேன்.

மெக்கானிக்கிட்டயும் காட்டுனேன். ‘ஒரு கோளாறும் இல்ல’ன்னுட்டான். அவனுக்கு என்ன தெரியும், அன்னைக்கு மிதிச்சது நான்லா. ஆடியில ஓடுன வண்டி, ஆவணியில ஓடல. எதிர்காத்துல இது ஓடாது, அவ்வளவுதான். உங்களுக்கு நாகர்கோவில். அந்தக் காத்துல இதை எடுக்கதும் எடுக்காததும் உங்க இஷ்டம்.

எப்படித் திரும்பி வந்தீங்கன்னா கேக்கீங்க? அதை எதுக்குக் கேக்கீங்க. போனை எடுத்தேன், கை அவன் நம்பரைத்தான் அமுக்குச்சு. பழக்கம். பேச்சு நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அவன் என்ன ஏதுன்னு கேக்கல. ‘காவல்கிணத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’ன்னு மட்டும் கேட்டான். தன் மச்சினன் லோடு வண்டியில அவனையும் கூட்டிக்கிட்டு வந்துட்டான், அந்த முட்டியோட, கம்பு ஊனிக்கிட்டு. என்னையப் பாத்து, ‘தண்ணி குடிச்சியாலே?’ன்னான். சைக்கிளைப் பின்னாடி ஏத்துனாங்க.

வண்டியில முன்னாடி மூணு பேர்தான் உக்காரலாம். மச்சினன் ஓட்டுதான். ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சு போயி ஏறாத வண்டி, அந்தப் பக்கம் காத்து சீறிக்கிட்டு வருது. நான் ஜன்னலோரம் ஏறப் போனேன். எனக்குப் பக்கத்துல ஆள் வாடை ஆகாதுன்னு அவனுக்குத் தெரியும்லா, ஒரு மனுசன்னா விட்டுக் குடுக்கணும்ல. ‘நீ நடுவுல போலே’ன்னு என்னைய உள்ள தள்ளிட்டு அவன் ஏறிக்கிட்டான். அந்த முட்டியை மடக்க முடியாம மடக்கி, ஜன்னல் பூராவையும் அடைச்சுக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தான். அங்கயும் நல்ல எடம் அவனுக்குத்தான். பாளையங்கோட்டை வரைக்கும் நல்லாத் தூங்கிட்டு வந்தேன்.